கடலில் இல்லாத பாறை

மகாபலிபுரம்
தை, 1974

அன்புள்ள அக்கா,

இதை யாருக்கும் காட்டாதே, மச்சானுக்குக்கூட. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

பக்கத்து வீட்டு சொர்ணம் என் வரைபடங்களைப் பார்த்துத்தான் வரைகிறாள். ஆனால் வாசுதேவன் சார் அவளுடையதைத்தான் வகுப்புச் சுவரில் மாட்டுகிறார். "ஒன்னுது கோழி கிளறினாப்ல கீதுடி" என்று அவள் சிரிக்கும்போது வயிறு எரிகிறது.

வரைபடம் போடுகிறவர்கள் அதைத் திருடி வரைபவனைப் பிடிக்க இல்லாத ஊரைச் சேர்ப்பார்கள் என்று சார்தான் சொன்னார். அதனால் நம் கடற்கரைப் படத்தில், மீன் தங்கும் பாறை ஒன்றைச் சும்மா போட்டேன். போகவே கூடாது என்று நைனா சொல்வாரே, அந்த நீரோட்டத்தின் நடுவில். அவள் அதையும் அப்படியே வரைந்தாள். நாளை வகுப்பில் சொல்லி அவள் மானத்தை வாங்க இருந்தேன்.

அதற்குள் அவள் அப்பா சிங்காரம் படத்தைப் பார்த்துவிட்டார். மீன் கிடைக்கும் பாறையை யாரும் வெளியே சொல்வதில்லை அல்லவா? நம் நைனா மறைத்துவைத்த பாறை என்று நம்பி, விடியுமுன் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போனாராம். "எங்க நைனா வரட்டும், உங்க மீனெல்லாம் இனிமே எங்க வூட்லதான்" என்று சாயங்காலம் குழாயடியில் பீற்றிக்கொண்டாள். அப்போதும் எனக்குப் பொறாமைதான் வந்தது. வாயைத் திறக்கவில்லை.

மற்ற கட்டுமரங்களெல்லாம் கரையேறிவிட்டன. இருட்டியும் அவர் மட்டும் வரவில்லை. சொன்னால் நைனா தேடிப் போவார், ஆனால் நான் பொய்ப் பாறை போட்டது தெரிந்துவிடும். சொர்ணமும் சொல்லமாட்டாள், திருடியது தெரிந்துவிடுமே. எனக்குப் பயமாக இருக்கிறது.

கதவைத் தட்டுகிறார்கள். சொர்ணத்தின் குரல்.

"மாமா, கதவத் தொறங்க! அவ படத்த நான்தான் திருட்டுத்தனமா பாத்துப் போட்டேன். எங்க நைனா அந்தப் பாறைக்குத்தான் போயிகீறாரு!"

நைனா எழுந்துவிட்டார். அக்கா, உண்மையைச் சொல்வதிலும் அவளே முதலில்