படிக்காமல் போட்ட கையெழுத்து

திண்டிவனம்,
வியாழக்கிழமை

அன்பு மகள் ஆரோக்கியசெல்விக்கு, அம்மா எழுதுவது. அந்தக் குளிர் தேசத்தில் உன்னையும் மாப்பிள்ளையையும் பிள்ளைகளையும் ஆண்டவர் காத்து வருவார் என்று நம்புகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனதுதான் கொதிக்கிறது.

நான் சால்வையோடு நிற்கும் படத்தைப் பார்த்துவிட்டுப் பெருமையாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். பெருமைப்படாதே. நம் வார்டு கவுன்சிலர் சகாயராஜ் போன வாரம் முழுக்க ‘மக்களோடு ஏழு நாள்’ என்று சுற்றினார். திங்களன்று கண் பரிசோதனை முகாம், செவ்வாயன்று மரக்கன்று, புதனன்று அங்கன்வாடியில் இனிப்பு, எங்கே போனாலும் பின்னாலேயே ஒரு கேமராக்காரர். நட்ட கன்றை அன்று மாலையே ஆடு மேய்ந்துவிட்டது. நம் தெருக் குழாயில் இரண்டு மாதமாகச் சாக்கடை கலந்து வருகிறது என்று நான் கொடுத்த மூன்று மனுவைப் பார்க்க மட்டும் அவருக்கு நேரமில்லை. எதிர்வீட்டு அம்சவள்ளியின் சின்ன மகள் அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் மஞ்சள் காமாலையில் கிடக்கிறாள்.

வெள்ளிக்கிழமை சமுதாயக் கூடத்தில் மூத்தோருக்குப் பாராட்டு என்றார்கள். மனுவைப் பற்றிக் கேட்கலாம் என்றுதான் போனேன். சால்வை போர்த்தி, காலைத் தொட்டு, போஸ்ட்மாஸ்டர் அம்மா இல்லாமல் இந்த வார்டே இல்லை என்று மைக்கில் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். சால்வை வாங்கியதற்கு என்று அவருடைய ஆள் ஒரு தாளை நீட்டினான். முப்பத்தாறு வருடம் தபால் நிலையத்தில் படிக்காத தாளில் பேனாவை வைக்காதவள், அன்று அந்தக் கைதட்டலில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மறுநாள் அந்தத் தாள் வார்டு வாட்ஸ்அப் குழுவில் வந்தது. குடிநீர்ப் புகார் முழுமையாகத் தீர்க்கப்பட்டது, கவுன்சிலருக்கு நன்றி என்று எழுதி, கீழே பள்ளியில் கன்னியாஸ்திரிகள் எனக்குப் பழக்கிய அதே அழகான கையெழுத்து. அம்சவள்ளி வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. “உங்க வூட்டுக் கொழாயில மட்டும் நல்ல தண்ணி வருதாம்மா?” என்று கேட்டாள். சகாயராஜுக்குப் போன் செய்தால், “அது சும்மா ஃபார்மாலிட்டிம்மா, வேலை நடந்துக்கினுதான் இருக்கு, நீங்க ஏன் பேஜாராவுறீங்க?” என்கிறார். தெருவில் ஒரு மண்வெட்டிகூட விழவில்லை.

இந்தத் திங்கட்கிழமை அம்சவள்ளியையும் அழைத்துக்கொண்டு விழுப்புரத்துக்கு பஸ் ஏறி, கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றேன். தீர்ந்துவிட்டது என்று நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே என்று அதிகாரி கம்ப்யூட்டரைக் காட்டினார். ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்லச் சொல்லி அம்சவள்ளி என் முழங்கையை இடித்தாள். அது பாதி உண்மைதான். பின்னால் நின்றவர்கள் அத்தனை பேரும் கேட்க, “படிக்காம கையெழுத்துப் போட்டது என் தப்பு சார், அத எழுதிக்குங்க. இவ பொண்ணு படுத்துக் கெடக்குறா, அதையும் எழுதிக்குங்க” என்றேன். புகாரைத் திரும்பத் திறந்தார்கள்.

இன்று காலை நகராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்து தோண்டினார்கள். சாக்கடைக்குள்ளேயே குழாய் வெடித்துக் கிடக்கிறது. சகாயராஜ் கேமராவோடு வந்து என்னையும் குழியருகே நிற்கக் கூப்பிட்டார். குழாயை மாற்றிய பிறகு நிற்கிறேன் என்றேன். முகம் சிறுத்துக் கிளம்பிப் போய்விட்டார். தோண்ட வந்தவர்களும் நாளை வருகிறோம் என்று கிளம்பப் பார்த்தார்கள். அம்சவள்ளி அவர்கள் வண்டிக்கு முன்னால் குடத்தை வைத்து உட்கார்ந்துவிட்டாள். அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். புதுக் குழாய் எடுத்துவர இப்போதுதான் ஆள் போயிருக்கிறது.

உங்கள் எல்லோருக்கும் என் ஆசீர். பிள்ளைகளுக்கு ஞாயிறு பூசை தவறக் கூடாது, உன் இருமலுக்கு டாக்டரைப் பார்.

உன் அம்மா,
இருதயமேரி