பெயின்ட் காயாத ஜாயின்ட்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா?

நேற்று ஒரு காருக்கடியில் படுத்திருந்தேன். கூட வேலை செய்பவன் மேலே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை ஆட்ட, நான் கீழே சக்கரத்தோடு இணைக்கும் ஒவ்வொரு ஜாயின்டாகக் கைவைத்துப் பார்த்தேன். ஒன்று விரலில் பிசுபிசுத்தது. தேய்ந்து லொடலொடவென்று ஆடுகிறது, அதற்குப் புதுசு போலக் கறுப்புப் பெயின்ட். பின்சீட்டில் குழந்தை நாற்காலி வேறு.

மாற்ற வேண்டும் என்றேன். "பார்த்தா புதுசாத்தானே இருக்கு, அனுப்பு" என்றார் பட்டறை முதலாளி.

"உங்க பேரனை உட்கார வெச்சு நீங்களே ஓட்டிட்டுப் போங்க" என்றேன். புது ஜாயின்டுக்குப் பணத்தை எடுத்து நீட்டினார். ஜாயின்டை மாற்றியாகிவிட்டது, கவலைப்படாதீர்கள். பெயின்ட் அடித்ததே மேலே உட்கார்ந்து ஆட்டியவன்தானாம். த்தூ, இவனோடுதான் ஒரே அறையில் படுக்கிறேன்.

கை துடைக்க உங்கள் பழைய சட்டை ஒன்று அனுப்புங்கள்.

நம் காரும் பள்ளத்தில் இறங்கினால் டொக்கென்கிறதாமே, தங்கச்சி சொன்னாள். யாரிடமும் காட்ட வேண்டாம், காரை வெளியே எடுக்கவும் வேண்டாம். நான் வந்ததும் நீங்கள் மேலே உட்கார்ந்து ஆட்டுங்கள், நான் கீழே படுத்துப் பார்க்கிறேன்.

கூப்பிடுகிறார்கள்.

உங்கள் மகன்