லாரியைத் திட்டியவர்கள்

1964 பெப்ரவரி 3, திங்கள்

காலையில் கடும் பனி. குழாய்த் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. விறகு ஈரம். கருவாடு தீர்ந்தது. சீனி, தேங்காயெண்ணெய், சவர்க்காரம் வாங்க வேண்டும்.

இவருக்கு ஆபீஸ் போகுமுன் பொகவந்தலாவைக் கடைவீதியில் ஒரு சுற்று போகாவிட்டால் சாப்பாடு இறங்காது. தோட்டத்துப் பெரிய கிளாக்கர் இப்போது லாரி வியாபாரி. ஜூனோடு இவருக்கு வேலை முடிகிறது. குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். அட்டனில் ஒரு சின்ன வீடு வாங்கத்தான் இந்தப் பாடெல்லாம்.

விஷயம் இதுதான். தேயிலைப் பெட்டிகளை அட்டன் ஸ்டேசனுக்கு ஏற்றும் லாரிக் கம்பனியைப் பெரிதாக்கி, பொதுமக்களுக்குப் பங்கு விற்கப் போகிறார்களாம். பழைய பங்கு ஒன்று கையில் இருந்தால் புதிது இரண்டு சும்மா. எப்போது அறிவிப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதற்குள் பழையதைச் சேர்க்க வேண்டும். சேர்ப்பது அடுத்தவனுக்குத் தெரியவும் கூடாது.

5, புதன்

வெயில். கம்பளிகளைக் காயப் போட்டேன்.

டிஸ்பென்சரிடம் இருமல் மருந்துக்குப் போனேன். மருந்தை விட லாரிக்கு வசவுதான் அதிகம்.

"அதெல்லாம் ஒரு லாரியாம்மா? மேடு ஏறுறதுக்குள்ள நாம நடந்தே அட்டன் போயிரலாம்."

பாவம், நொந்துபோயிருக்கிறார் என்று நினைத்தேன். மாலையில் இவர் சொல்கிறார், அந்த மனிதர் போன வாரமே தன் சகலையின் பங்கு முழுவதையும் வாங்கிவிட்டாராம். தையல்கடைக்காரரும் அப்படித்தான். "டயர் எல்லாம் மொட்டை" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, மனைவி பெயரில் வாங்குகிறார். இவர் மட்டும் என்ன, டீக்கடையில் உட்கார்ந்து என்ஜின் செத்துப்போச்சு என்று ஒப்பாரி. பயந்து விற்பவர்கள் நேரே வீட்டுக்கு வருகிறார்கள்.

எனக்குக் கணக்குப் பிடிபட்டுவிட்டது. யார் அதிகம் திட்டுகிறாரோ அவரிடம்தான் பங்கு அதிகம்.

7, வெள்ளி

வேலுசாமி முதலாளி கடை. சீனி, எண்ணெய் வாங்கினேன். சவர்க்காரம் மறந்தேன்.

கடைவீதியில் லாரியைப் புகழ்கிற ஒரே ஆள் இந்த முதலாளிதான். "நல்ல லாரிங்க. இன்னும் இருபது வருஷம் ஓடும்" என்கிறார். அப்படியென்றால் கையில் ஒன்றுகூட இல்லை. இவ்வளவு பெரிய வியாபாரிக்கு இது தெரியவில்லையே என்று பரிதாபப்பட்டேன்.

"ஒங்க வீட்டுக்காரரு நெறையச் சேத்துட்டாராமே தங்கச்சி?"

"அந்த ஓட்டை லாரியிலயா அண்ணே?" என்றேன். நானும் தேறிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சீனியைப் பொட்டலம் கட்டினார்.

8, சனி

அட்டிகையைக் கழற்றிக் கொடுத்தேன். இவர் கேட்கவில்லை. நானாகத்தான் கொடுத்தேன். வீட்டுக்கு ஜன்னல் இரண்டு பக்கமும் வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

11, செவ்வாய்

வந்துவிட்டது. பகல் பஸ்ஸில் வந்த பேப்பரில் அறிவிப்பு. பழையதற்கு இரண்டு, சொன்னபடியே. டிஸ்பென்சர் வாசலில் நின்று லாரிக்குக் கும்பிடு போட்டாராம். பாயசம் வைத்தேன்.

இவர் வந்தார். பாயசத்தைத் தொடவில்லை.

"வித்துட்டேன்."

"எதை?"

"எல்லாத்தையும். வேலுசாமிக்கு. வாங்குன வெலைக்கும் கொறைச்சு."

அறிவிப்பு வந்த அன்றைக்கா விற்பார்கள்? புத்தி பேதலித்துவிட்டதா இவருக்கு? பாயசம் அடிப்பிடித்ததுகூடத் தெரியவில்லை.

12, புதன்

தூறல். சமைக்கவில்லை.

காலையில்தான் வாய் திறந்தார். அறிவிப்பின் கடைசி வரியை நான் படிக்கவில்லையாம். புதிய பங்கு இலங்கைப் பிரஜைகளுக்கு மட்டும். பிரஜை இல்லாதவர்கள் பழைய பங்கையும் பிரஜைகளுக்கே விற்றுவிட வேண்டும்.

"அதுக்கு நமக்கென்னங்க? நமக்குத்தான் பிரஜாவுரிமை இருக்கே."

சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"சர்ட்டிபிகேட் ஆபீஸ் பெட்டியில பத்திரமா இருக்குன்னீங்க."

"இல்ல சரசு. எப்பவுமே இல்ல. நம்ம மனுவத் தள்ளிட்டாங்க."

எத்தனை வருஷமாக இந்த மனிதரோடு ஒரே கூரையின் கீழ் இருக்கிறேன். நான், பிள்ளை, எல்லாரும் நாடில்லாதவர்கள் என்பது நேற்று வந்த லாரிக் கம்பனியால்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? அட்டன் வீடும் போச்சு. பிரஜை இல்லாதவன் மண் வாங்கினால் அதன் விலைக்குச் சமமாக வரியும் கட்ட வேண்டுமாம்.

வேலுசாமி முதலாளிக்குப் பிரஜாவுரிமை உண்டு. கடைசி வரியும் அவருக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. எங்களை எல்லாம் வாங்கவிட்டு, புகழ்ந்துகொண்டே காத்திருந்தார். டிஸ்பென்சர் உட்படப் பாதிக் கடைவீதி இன்று பங்கை விற்க அவர் கடை வாசலில். நான் அவருக்குப் பரிதாபப்பட்டேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

13, வியாழன்

கத்திவிட்டேன். இத்தனை இங்கிலீஷ் தெரிந்தும் ஓர் ஆபீசருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லையா என்று கேட்டேன். முதலில் நழுவினார். நான் விடவில்லை. அடுப்படியில் பலகையைப் போட்டு உட்கார்ந்தார்.

"மனுவ விசாரிக்க வந்தவரு ஒண்ணுதான் கேட்டாரு. புள்ளைக்கு முடியெறக்க ஏன் கப்பலேறி ஒங்க பாட்டன் ஊரு வரைக்கும் போனீங்கன்னு. கொலதெய்வம் அங்கதான இருக்குன்னேன். அப்ப ஒங்க மனசும் அங்கதான்னு எழுதிட்டாரு."

வேண்டுதல் என்னுடையது. லீவு இல்லை, இங்கேயே மாரியம்மன் கோவிலில் இறக்கலாம் என்றுதான் இவர் அப்போது சொன்னார். சாப்பிடாமல் கிடந்து இழுத்துப் போனது நான்.

"ஏங்க இவ்வளவு நாளாச் சொல்லல?"

"சொன்னா நீ தாங்க மாட்டே."

என்னால் தாங்கத்தான் முடியவில்லை. நான் பிறந்தது டிக்கோயா ஆஸ்பத்திரியில். என் அம்மாவைப் புதைத்தது இந்தத் தோட்டத்தில்.

இனி ஊருக்கே போய்விடலாம் என்கிறார். அந்த ஊரில் எனக்குத் தெரிந்தது அந்தக் கோவில் ஒன்றுதான்.