வானத்தைச் சுட்ட வாழ்த்து

ஞாயிறு, இரவு.

ஹந்தானையில் இருக்கும் அக்கா மகன் சதீஷுக்குக் கல்யாணம் முடிவாகியிருக்கிறது. எங்கள் வழக்கப்படி அதை முதலில் தாய்மாமனுக்குச் சொல்ல வேண்டும். நான்தான் அந்தத் தாய்மாமன். அவன் சொன்னதோ, ஃபோனில் துப்பாக்கி விளையாட்டு ஆடும் மூன்று வெட்டிப்பயல்களிடம்.

"மச்சான், பொண்ணு வீட்டுல சரின்னுட்டாங்கடா!" என்று மைக்கில் கத்தினான். எதிரியை விட்டுவிட்டு மூவரும் வானத்தைச் சுட்டார்கள். ஒருவன் மட்டக்களப்பு, ஒருவன் டோஹா. சதீஷின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. இதற்குப் பெயர் வாழ்த்தாம்!

மூன்றாவது வெட்டிப்பயல் நான். ஐம்பத்திரண்டு வயதில், 'இளவரசன்' என்ற பெயரில், குரல் தெரிந்துவிடும் என்று மைக்கை மூடிக்கொண்டு ஆறு மாதமாக அவனோடு ஆடுகிறேன். அதிகமாகச் சுட்டதும் நான்தான்.

அரை மணி நேரம் கழித்து அழைத்தான்.

"மாமா, ஒங்களுக்குத்தான் மொதல்ல சொல்றேன். சாமி சத்தியமா."

திருட்டு ராஸ்கல்! ஏசுவதற்கு வாய் துடித்தது. எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன சொல்வது? "சந்தோசம்டா" என்றேன். பக்கத்தில் இருந்த என் மனைவி, "பாத்தீங்களா, மாமான்னா என்னா மரியாத!" என்று கண்ணைத் துடைத்தாள்.

சனியன் அதோடு விடவில்லை.

"மாமா, எங்க டீம்ல இளவரசன்னு ஒருத்தன். பேசவே மாட்டான். அவனையும் கல்யாணத்துக்குக் கூப்பிடணும்."

"அவன் வரமாட்டான்டா."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

சிக்னல் போனதுபோல் வைத்துவிட்டேன். மறுபடி அடிக்கிறான். மனைவி எடுக்கப் போகிறாள்...