படத்தில் வெட்டிய பேச்சு

குருநகர்,
09.10.1984.

அன்புள்ள தம்பி தியாகலிங்கத்துக்கு,

செபஸ்தியம்மா அக்கா எழுதுவது. நானும் அவரும் மகள் ஸ்ரெல்லாவும் சுகம். கொழும்பில் உங்களுக்கு ஒரு குறையும் வரக்கூடாதென்று பூசையில் தினமும் வேண்டிக்கொள்கிறேன். உங்கள் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. பிரித்து வாசிப்பார்கள் என்று பதிலைத் தபாலில் போட மனம் துணியவில்லை. நாளைக்கு ரயிலில் வரும் செபமாலை அண்ணையிடம் கொடுத்துவிடுகிறேன்.

கடலுக்குப் போகத் தடை போட்டதிலிருந்து அவர் வீட்டோடுதான். வள்ளம் கரையில் காய்ந்து பலகை வெடிக்கிறது. காலையில் எழும்பி வலையை எடுத்து உதறுவார், பிறகு அப்படியே மடித்து வைப்பார். ஸ்ரெல்லா கொன்வென்ரில் தையல் பழகுகிறாள்.

போன தபசுகாலத்தில், ஈஸ்ரருக்கு முன்னம், நீங்கள் கமராவோடு படம் எடுக்க எங்கள் கரைக்கு வந்ததை இப்போதும் நினைக்கிறேன். இணுவிலில் இருந்து வந்த வாத்தியார் பிள்ளைக்கு மீன் நாற்றத்தில் என்ன வேலை என்று எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். நீங்கள் ஒரு கிழமை எங்களோடு மண்ணில் இருந்து சாப்பிட்ட பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. கிழிந்த வலை பொத்துகிற பெண்ணாக என்னை நடிக்கச் சொன்னீர்கள். கடைசி நாள், கடலைப் பார்த்து மனதில் உள்ளதைச் சொல்லுங்கோ அக்கா என்றீர்கள். நான் சொன்னது நடிப்பில்லை என்று உங்களுக்குத் தெரியும். அதற்கு ஆறு மாதம் முன்னம்தான் என் மகன் சூசைதாசனை மண்டைதீவுப் பக்கம் ஒரு நேவி ரோந்துப் படகு ஏற்றிக்கொண்டு போனது. பக்கத்து வள்ளத்தில் நின்றவர்கள் கண்ணால் கண்டார்கள்.

அந்தப் பேச்சின் சத்தத்தை எடுத்தால்தான் படத்துக்கு அனுமதி என்று தணிக்கைச் சபை சொன்னதாக முன்பே எழுதியிருந்தீர்கள். சத்தம் இல்லாமல் அது எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. தியேட்டரில்தான் விளங்கியது.

நடந்ததைப் பலர் பலவிதமாக உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நான் உள்ளபடி எழுதுகிறேன்.

போன மாதம் படம் தொடங்கிய வெள்ளிக்கிழமை, எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கிற பெண்கள் பதினொரு பேர் பகல் காட்சிக்குப் போனோம். திரையில் நான் வந்தேன். வாய் அசைகிறது, ஒரு சொல்லும் இல்லை. கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறேன், மீன் வாய் திறந்து மூடுகிறது போல இருக்கிறது. பின்னால் யாரோ விசிலடித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எழும்பி நின்றேன். ஒருவன், "இருங்கோ அக்கா, மறைக்குது" என்றான். நான் இருக்கவில்லை. அன்று கரையில் சொன்னதைத் திரும்பவும் சொன்னேன்.

"சூசை, நீ கடலிலை துலைஞ்சு போகேல்லை. உன்னை ஏத்திக்கொண்டு போனவை. ஏத்தினவை இறக்கித் தரட்டும்."

திரையில் வாய் மூடுகிறபோது நானும் சொல்லி முடித்தேன். மறைக்குது என்ற பொடியன் எழும்பி எனக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

சனிக்கிழமையும் போனேன், ஞாயிறு பூசை முடிந்தும் போய் அதையே சொன்னேன். திங்கட்கிழமை தியேட்டர் மனேச்சர் பரமலிங்கம் ஐயா வாசலுக்கு வந்து கை கூப்பினார். "அக்கா, உங்களிலை எனக்கு ஒரு கோபமும் இல்லை. என்ரை லைசன்சைப் பறிச்சுப் போடுவாங்கள். இண்டைக்கு ரிக்கற் தரமாட்டன்" என்றார். அவர் நிலைமையும் எனக்கு விளங்கியது. சண்டை பிடிக்காமல் வெளியே சைக்கிள் விடுகிற இடத்தில் ஸ்ரெல்லாவோடு நின்றேன்.

தம்பி, படத்தில் அந்த இடம் வந்தபோது உள்ளேயிருந்து என் பேச்சு கேட்டது. ஆண்களும் பெண்களுமாக எத்தனை குரல் என்று சொல்ல முடியாது. என் மகனை ஒருநாளும் காணாதவர்கள் சூசை என்று கூப்பிட்டார்கள். ஸ்ரெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. ஒரு வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் நிமிர்ந்து மூச்சு விட்டேன்.

செவ்வாய்க்கிழமை பொலிசுக்குக் கூப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்க, ஒரு கான்ஸ்டபிள் தமிழில் சொன்னார். யார் சொல்லித் தந்து இப்படிச் செய்தாய் என்று கேட்டார்கள். "நான் பெத்த பிள்ளையைக் கூப்பிட எனக்கு ஆர் சொல்லித்தர வேணும்?" என்றேன். சிங்களத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்து வை என்றார்கள். வாசித்துக் காட்டாமல் வைக்கமாட்டேன் என்று பின்னேரம் வரை மர வாங்கிலில் குந்தி இருந்தேன். கடைசியில் அந்தக் கான்ஸ்டபிள் வாசித்தார். இயக்குநர் தூண்டியதால் கத்தினேன் என்று இருந்தது. அதை வெட்டச் சொன்னேன். வெட்டினார்கள். பிறகுதான் கையெழுத்து வைத்தேன். வெட்டத் தெரிந்தவர்கள் தணிக்கைச் சபைக்காரர் மட்டும் இல்லையே. மறுநாள் படத்தை நிறுத்திவிட்டார்கள்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். அந்தக் காட்சி முழுக்கக் கற்பனை, அப்படி ஒரு தாயும் இல்லை மகனும் இல்லை என்று நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுத்தால் சபை படத்தைத் திரும்ப விடும், இல்லையென்றால் முழுப் படத்துக்கும் தடை என்று எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் கேட்காமலே நீங்கள் அதை எழுதிக் கொடுத்திருக்கலாம். எனக்குத் தெரியவே வந்திராது. கேட்டீர்களே, அதற்காகவே உங்களை என் கூடப்பிறந்தவராக நினைக்கிறேன்.

மூன்று வருஷம் இந்தப் படத்துக்காக நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியாதது இல்லை. அது பெட்டிக்குள் கிடந்து பழுதாகப் போகிறதை நினைத்தால் நெஞ்சு நோகிறது. ஆனாலும் மாட்டேன் தம்பி. சூசையைத் தேடி நான் மூன்று அரசாங்கக் கந்தோருக்கு எழுதினேன். மூன்றிலும் இருந்து, அப்படி ஒருவரை நாங்கள் பிடிக்கவில்லை, அப்படி ஒருவர் எங்களிடம் இல்லை என்று பதில் வந்தது. அந்த மூன்று கடதாசியும் அலுமாரியில் இருக்கின்றன. நாலாவது கடதாசி உங்கள் கையெழுத்தில் வரவேண்டாம்.

என்னை வெட்டுவதென்றால் முழுக்க வெட்டுங்கள். கரையையும் கடலையும் மட்டும் காட்டுங்கள், நான் குறை நினைக்கமாட்டேன். பொய் மட்டும் எழுதாதீர்கள். அவர்கள் நம்பாவிட்டால் என் விலாசத்தைக் கொடுங்கள். கூப்பிட்டால் கொழும்புக்கு வந்து அந்தச் சபைக்கு முன்னால் இருக்க நான் ஆயத்தம். சத்தத்தை எடுக்கச் சொன்னவர்கள் அது என்ன சத்தம் என்று ஒருமுறை நேரில் கேட்கட்டும். அவரிடம் சொன்னேன். மடித்த வலையைக் கீழே வைத்துவிட்டு, "நானும் வாறன்" என்றார். பல மாதத்துக்குப் பிறகு அவர் வாயில் இருந்து வந்த உறுதியான பேச்சு அது.

போன கிழமை மருதனார்மடம் சந்தையில் உங்கள் அம்மாவைக் கண்டேன். "தம்பி எப்ப வருவான் எண்டு தெரியுமோ" என்று என்னிடம் கேட்டார். கிறிஸ்மசுக்கு முன்னம் வருவார் என்று சொல்லிவிட்டேன். என் சொல்லைக் காப்பாற்றுங்கள். எங்கே போனாலும் இரண்டு பேராகப் போங்கள். அடையாள அட்டையை மறக்கவேண்டாம். யாராவது கூப்பிட்டால், எங்கே போகிறீர்கள் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். உங்கள் பெயரைச் சொல்லி உங்கள் அம்மா ஒரு கந்தோர் வாசலிலும் நிற்கிற நாள் வராமல் மாதா உங்களைக் காப்பாற்றட்டும்.

என்றும் உங்கள் அன்புள்ள அக்கா,
செ. செபஸ்தியம்மா