சத்தம் அடங்கிய வேன்

வைகாசி, செவ்வாய்க்கிழமை

நைனாவை வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்காகப் பழைய வேனில் பொன்னேரிக்கு அழைத்துப் போகிறேன்; துணைக்கு அம்மாவும் வருவார். வெயிலில் கூரைத் தகடு காய்ந்து, திரும்பி வரும்போது அவர் துவண்டுவிடுகிறார். அதனால் ஞாயிறன்று உள்கூரையைக் கழற்றி, வெள்ளித்தாள் வைத்த ஃபோம் ஷீட்டை நானே ஒட்டினேன். கதவுகளுக்குள்ளும் தரையிலும்கூட ஒட்டினேன். முதுகு இன்னும் வலிக்கிறது.

இன்று வேனில் சூடு குறைந்திருந்தது. கடகடவென்ற சத்தமும் இல்லை. பழவேற்காடு திரும்பும் வழியில், பின் சீட்டில் நைனா அம்மாவிடம் பேசியது முதல் தடவையாக எனக்குக் கேட்டது.

"போதும்மே. இன்னொரு தபா ஊசி குத்திக்க என்னால ஆவாது."

"மெல்ல பேசு, அவனுக்குக் கேக்கப் போவுது."

"எத்தினி நாளா இத்தயே சொல்றேன்? ஒரு நாளாச்சும் திரும்பிப் பாத்தானா?"

நான் இன்றும் திரும்பவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

வீட்டு வாசலில் கையைப் பிடித்து இறக்கியபோது, "சூடே தெர்லடா, நல்லா பண்ணிக்கீற" என்றார்.

வெள்ளிக்கிழமை கிளம்புவதற்கு முன், டயாலிசிஸை நிறுத்திவிடலாமா என்று நானே அவரைக் கேட்டுவிட வேண்டும். கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவார். அதுதான் பயமாக இருக்கிறது.