வரிசை சொல்லாத லிஸ்ட்

மார்ச் 3
இன்றும் என் மேசைக்கு இரண்டு பேர் வந்து நின்றார்கள். யார் புதிதாகத் தள்ளுபடிக்கு ஜாவா கிளாஸ் — அந்தக் கணக்கைப் போடும் நிரல் துண்டு — எழுதினாலும், கடைகளுக்கான பில்லிங் புரோகிராமில் நான் வைத்திருக்கும் பட்டியலில் அதை நான்தான் சேர்க்க வேண்டும். அலுத்துக்கொண்டே செய்தேன். உள்ளூரப் பிடித்தும் இருந்தது.

மார்ச் 5
புதிதாகச் சேர்ந்த பெண் — முடியைப் பார்த்து ஆபீஸே ‘சுருட்டை’ என்கிறது — என் பட்டியலையே தூக்கிவிட்டாள். "கன்ஸ்ட்ரக்டர்ல லிஸ்ட்டா கேட்டா போதும்க்கா. தள்ளுபடி இன்டர்ஃபேஸை இம்ப்ளிமென்ட் பண்ற கிளாஸ் எத்தனை இருந்தாலும் ஸ்பிரிங்கே பொறுக்கிக் கொடுத்துடும்."

ஒரே வரி. நான் கையால் சேர்த்துக்கொண்டிருந்ததை ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க் தானே தேடிச் சேர்த்துவிடும். இத்தனை வருஷமா எனக்கு ஏன் தோணல?

மேனேஜருக்கு வாயெல்லாம் பல். "இனிமே யாரும் உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டாங்க." தொந்தரவாம்! நான் சொன்னேனா?

மார்ச் 6
வயிற்றெரிச்சல்தான், வேறென்ன. அவ சிரிச்சா எரியுது, டீ குடிச்சா எரியுது. வீட்டில் இவர், "கோபம் யார் மேல? பாத்திரம் என்ன பண்ணுச்சு?" என்றார்.

மார்ச் 10
அவள் எழுதியதைச் சரிபார்க்க என் பெயரைப் போட்டிருக்கிறாள். படித்தேன். மாட்டிக்கொண்டாள்! எல்லா கிளாஸையும் ஸ்பிரிங் கொடுக்கும். எந்த வரிசையில் என்று அவள் சொல்லவேயில்லை. முதலில் சதவீதத் தள்ளுபடி கழிய வேண்டும், பிறகு கூப்பன் தொகை. மாறினால் பில் தொகையே மாறும். அவள் கணினியில் சரியாக வருவது தற்செயல். ஒவ்வொரு கிளாஸின் தலையிலும் வரிசை எண்ணை எழுதினால் தீர்ந்தது.

கமென்ட் எழுதினேன். அழித்தேன். ஓகே கொடுத்தேன்.

படட்டுமே.

மார்ச் 13
பட்டாள். கடைகளிலிருந்து போன் மேல் போன், பில்லெல்லாம் தப்பு. மொத்த ஆபீஸும் என் மேசையைச் சுற்றி! நேராகப் போய் வரிசை எண்களைப் போட்டேன், சரியாகிவிட்டது. "நீங்க இல்லன்னா நாறியிருக்கும்" என்றார் மேனேஜர். எவ்வளவு இனித்தது!

சுருட்டை அழுதுவிட்டு முகம் கழுவி வந்தாள். "நீங்க பாத்து ஓகே சொன்னதாலதான்க்கா நிம்மதியா இருந்தேன்." போகத் திரும்பியவள் மறுபடி என் பக்கம் வந்தாள். "எங்க தப்புன்னு தேடவே இல்லையே. எப்படிக்கா நேரா அங்கயே போனீங்க?"

"அனுபவம்" என்றேன், திரையைப் பார்த்துக்கொண்டே.

மார்ச் 14
போய்ச் சொல்லிடலாமா? என்னன்னு சொல்றது?

மார்ச் 20
சுருட்டை புதிய தள்ளுபடி ஒன்று எழுதியிருக்கிறாள். வரிசை எண் சரியாக இருக்கிறது. சரிபார்க்கப் பக்கத்து மேசைக்காரரின் பெயரைப் போட்டிருக்கிறாள்.

டீ மிஷின் முன்னால் அவளுக்காகத்தான் நின்றேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான்.

"கொஞ்சம் வழி விடுங்க, மேடம்" என்றாள்.